"சுரண்டியாச்சு சார்" என்றால் நம்பாதீர்கள்: பழைய சீலிங்கில் மறுபட்டி பார்க்கும்போது நடக்கும் ஏமாற்று

சென்னையில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. படுக்கையறை சீலிங் பத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 120 சதுர அடி. பல வருஷமாக டிஸ்டம்பர் மேல் டிஸ்டம்பராக அடித்து மேடு பள்ளம் தெரிந்ததால், வீட்டுக்காரர் மறுபடி பட்டி (மேடு பள்ளத்தைச் சமனாக்கும் புட்டி மாவு) பார்க்கச் சொன்னார். பில்லில் "பழைய பெயிண்ட் முழுவதும் சுரண்டி எடுத்தல்" என்று தனி வரி, தனித் தொகை. உண்மையில் செய்தது உப்புத்தாளால் மேலாக ஒரு தேய்ப்பு மட்டும். அதன் மேல் தண்ணீராய்க் கரைத்த ப்ரைமர், இரண்டு கோட் வெள்ளை சிமெண்ட் பட்டி, பெயிண்ட். வேலை முடிந்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. மழைக்காலத்தில் ஃபேனைச் சுற்றிக் கொப்புளம் கட்டி, பிறகு தட்டுத் தட்டாகக் கட்டில் மேல் விழுந்தது. காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால், "மேல ஓதம் இருக்கு சார், அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று பதில்.

ஓதம்தானா, அதாவது ஈரக்கசிவுதானா என்று விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். இந்த வீட்டில் துண்டின் பின்பக்கம் முழுக்க வெளிர்நீலத் தூள் ஒட்டியிருந்தது. அது பழைய டிஸ்டம்பர். பட்டி தன் வேலையைச் சரியாகச் செய்து டிஸ்டம்பரைப் பிடித்துக்கொண்டது. டிஸ்டம்பர்தான் சீலிங்கை விட்டுவிட்டது. அந்தக் காலத்து டிஸ்டம்பரைப் பிடித்து வைத்திருப்பது பசை. ஈரப் பட்டியை மேலே இழுத்ததும் அந்தப் பசை ஊறி இளகுகிறது. பட்டி காயும்போது சுருங்கி, இளகிய அடுக்கைத் தன் பக்கம் இழுக்கிறது. சுவராக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். சீலிங்கில் மொத்த எடையும் கீழ்நோக்கித் தொங்குகிறது. சுண்ணாம்பு அடித்த சீலிங்குக்கும் இதே கதிதான்.

பின்பக்கம் வேறு மாதிரி இருந்தால் காரணமும் வேறு. பின்பக்கம் வழவழப்பாக, சீலிங்கிலும் பளபளப்பு தெரிந்தால், பழைய எண்ணெய் பெயிண்டைச் சொரசொரப்பாக்காமல் பட்டி இழுத்திருக்கிறார்கள். உப்பு பூத்து, மஞ்சள் கறையோடு வந்தால்தான் ஓதம். பட்டியே நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் மாவாக உதிர்ந்தால் கோளாறு பட்டியில்: பழைய மூட்டை, தண்ணீர் அதிகம், அல்லது இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றி ஓட்டியது. சாக் பவுடரில் பசை கலந்து, பெயர்போன கம்பெனியின் காலி மூட்டையைப் பக்கத்தில் வைத்துக் காட்டுபவர்களும் உண்டு. மூட்டையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், தயாரித்த தேதியைப் பாருங்கள்.

ஓதம் என்ற சாக்கை வேலைக்கு முன்பே அடைத்துவிடலாம். ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு ஓரமும் காற்று புகாமல் டேப்பால் சீலிங்கில் ஒட்டி, ஓர் இரவு, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிரிக்கும்போது உள்பக்கம் நீர் கோத்திருந்தால், மொட்டை மாடியையோ மேல்வீட்டுக் குளியலறையையோ சரிசெய்யாமல் பட்டி மூட்டையைத் தொடவே கூடாது. காய்ந்திருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சுரண்டல். ஏமாற்று நடக்கும் இடமே இதுதான். முதலில் மெயினை அணைத்து, பிறகு ஃபேனைக் கழற்ற வேண்டும். டிஸ்டம்பர், சுண்ணாம்பு என்றால் சீலிங்கில் தண்ணீர் தெளித்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, நாலு இஞ்ச் பட்டித் தகடால் அடிப்பூச்சின் சாம்பல் நிறம் தெரியும்வரை எடுக்க வேண்டும். பிறகு ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். பல அடுக்கு ஏறிய 120 சதுர அடிக்கு ஓர் ஆள் ஒரு நாள் முழுக்க நின்றாக வேண்டும். காலையில் ஆரம்பித்து டீ நேரத்துக்குள் முடிந்துவிட்டது என்றால் சுரண்டவில்லை என்றே அர்த்தம். அடியில் ஜிப்சமோ பி.ஓ.பி.யோ (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) இருந்தால் மட்டும் ஊறவிடாதீர்கள். அது தண்ணீரில் இளகும், லேசான ஈரத்தோடு நிறுத்த வேண்டும். பழைய எனாமலில், அதாவது எண்ணெய் பெயிண்டில், ஈயம் இருக்கலாம் (90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற வரம்பு அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்), அதை உலர்த் தேய்ப்பாகத் தேய்க்க விடாதீர்கள்.

"ப்ரைமர் அடிச்சா தூசியெல்லாம் பிடிச்சுக்கும்" என்பது அப்பட்டமான பொய். ப்ரைமர் மேல் அடுக்கை மட்டும் இறுக்கும். அடியில் இருக்கும் தூளுக்கு அது போய்ச் சேராது.

சுரண்டிய பிறகு, பட்டி ஏறும் முன், நீங்களே ஏணியில் ஏறிப் பாருங்கள். உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளை ஒட்டக் கூடாது. செலோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சரக்கென்று இழுத்தால் தூள் வரக் கூடாது. மூலைகளிலும் ஃபேன் கொக்கியைச் சுற்றியும் கட்டாயம் பாருங்கள்; கை எட்டாத இடத்தில்தான் விட்டுவிடுவார்கள். பிறகு ஒரு கட்டையால் சீலிங் முழுக்கத் தட்டிப் பாருங்கள். டொப் டொப்பென்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் பூச்சே கான்கிரீட்டை விட்டிருக்கிறது. அதைக் கொத்தி எடுத்து, கான்கிரீட்டைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, 1:3 கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்) ஆறு மில்லிமீட்டர் அளவுக்குப் பூசி, ஏழு நாள் நீராற்றிக் காயவிட வேண்டும். வெற்றுச் சத்தத்தோடு நேர்கோட்டில் துருக்கறையும் இருந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. அது பெயிண்டர் வேலையே இல்லை, இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

பட்டி கணக்கு: வெள்ளை சிமெண்ட் பட்டி இரண்டு கோட்டுக்கு கிலோவுக்குச் சுமார் 12 முதல் 18 சதுர அடி. 120 சதுர அடிக்குப் பத்து கிலோ, சீலிங் கரடுமுரடென்றால் ஒரு 20 கிலோ மூட்டை. இரண்டு மூட்டைக்கு மேல் பில் வந்தால் காரணம் கேளுங்கள். மூட்டைக்கு ஏழரை லிட்டர் தண்ணீர். கலந்ததை இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். சீலிங்கை நனைத்துவிட்டு இழுக்க வேண்டும், இல்லையென்றால் காய்ந்த பூச்சு பட்டியின் நீரை உறிஞ்சிவிடும். இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். பள்ளத்தைத் தனியாக அடைக்க வேண்டும்.

கோட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்: "சுரண்டிய சீலிங்கை வீட்டுக்காரர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பட்டி, சுரண்டல் தொகை அதன் பிறகே." இதை எழுத மறுப்பவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஏற்கனவே உதிர ஆரம்பித்துவிட்டதா? விழுந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; இன்னும் விழாத பகுதியின் அடியிலும் அதே தூள்தான் இருக்கிறது, முழுதையும் எடுத்தாக வேண்டும். விழுந்த துண்டுகளைப் பெருக்கிக் கொட்டாமல் கவரில் போட்டு, தேதி எழுதி, பில்லோடு வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். வேலைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.