பி.எட். இல்லாமல் டெக்சாஸ் அரசுப் பள்ளி ஆசிரியர்: மாற்றுச் சான்றிதழ்த் திட்டங்கள் எப்படி?

பி.இ., எம்.சி.ஏ. என்று ஏதோ ஒரு பட்டத்தோடு டெக்சாஸ் வந்தவர், மறுபடி கல்லூரிக்குப் போகாமலே அரசுப் பள்ளி ஆசிரியராகலாம். மாற்றுச் சான்றிதழ்த் திட்டம் ஒன்றில் சேர்ந்து, பாடத் தேர்வில் தேறி, முதல் ஆண்டே சம்பளத்தோடு வகுப்பெடுத்தபடி மீதியை முடிக்கலாம். வழி நல்ல வழிதான், தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் விளம்பரம் சொல்லும் வேகத்தை மட்டும் நம்பி இறங்கினால், ஆகஸ்டில் முப்பது பிள்ளைகள் முன்னால் வெறுங்கையோடு நிற்க வேண்டிவரும்.

முதல் சிக்கல் பட்டத்திலேயே வரும். அமெரிக்க இளங்கலைக்குச் சமமான பட்டம் வேண்டும் என்பது விதி. நான்காண்டு பி.இ. என்றால் பொதுவாகத் தொல்லை இல்லை. மூன்றாண்டு பி.எஸ்சி. மட்டும் என்றால், வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோடும் மதிப்பீட்டு நிறுவனம் அதை ‘மூன்று ஆண்டு கல்லூரிப் படிப்பு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடக்கூடும். மேலே எம்.எஸ்சி., எம்.சி.ஏ. இருந்தால் இரண்டையும் சேர்த்து மதிப்பிடச் சொல்ல வேண்டும். பட்டம் சமமா என்று மட்டும் சொல்லும் மலிவான அறிக்கை போதாது. ஒவ்வொரு தாளுக்கும் கிரெடிட், கிரேடு காட்டும் அறிக்கைதான் செல்லும். மாநிலக் கல்வித் துறையான டி.இ.ஏ. ஏற்கும் நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பொதுவாகக் கேட்கப்படும் ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) 2.5. ஆங்கிலத் தேர்ச்சிக்கு டோஃபல் தேவையா என்பதையும் சேரும் முன்பே திட்டத்தாரிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது பாடம். எடுக்கப்போகும் பாடத்தில் 12 செமஸ்டர் கிரெடிட் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பு முதல் மேலே கணிதம், அறிவியல் என்றால் 15. இல்லாவிட்டால் பேக்ட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பொறியியல் படித்தவர்களுக்கு எம்-1, எம்-2, எம்-3 கணிதத் தாள்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. அறிக்கையில் அவை ‘கணிதம்’ என்ற தலைப்பில் வந்திருக்கின்றனவா, பொறியியலுக்குள் ஒளிந்துகொண்டனவா என்று பாருங்கள்.

இனி திட்டங்கள். தனியார் நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், மண்டலக் கல்விச் சேவை மையங்கள் என மூன்று வகையாரும் நடத்துகிறார்கள். மாநிலத்தில் மொத்தம் 20 மண்டல மையங்கள். எல்லாமே இந்தப் பயிற்சியை நடத்துவதில்லை, உங்கள் மண்டலத்தில் உண்டா என்று விசாரியுங்கள். தனியார் திட்டத்தில் எந்த நாளும் ஆன்லைனில் சேரலாம், நம் வேகத்தில் படிக்கலாம். கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் கேள்வி கேட்க ஆள் இருக்காது. வீடியோவை ஓடவிட்டு வினாடி வினாவைத் தட்டி மணிக்கணக்கை நிரப்பிவிட முடியும் என்பதுதான் அதன் ஆபத்து. குழுவாகச் சேர்த்து நடத்தும் மண்டல மையங்களில் அட்டவணை கண்டிப்பாக இருக்கும், ஆனால் பக்கத்து மாவட்டப் பள்ளிகளை நேரடியாக அறிந்தவர்கள் பாடம் எடுப்பார்கள். நேரம் ஒத்துவந்தால் எங்கள் தேர்வு இதுவே. எதில் சேர்ந்தாலும் அந்தத் திட்டத்தின் அங்கீகார நிலையை டி.இ.ஏ. தளத்தில் பாருங்கள். ‘எச்சரிக்கை’, ‘ப்ரொபேஷன்’ என்றிருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

கட்டணத்தில் கண்ணைக் கட்டும் இடம் ஒன்று உண்டு. சேரும்போது சில நூறு டாலர்தான் கேட்பார்கள். பெரிய தொகை வேலை கிடைத்தபின் மாதத் தவணையாக வரும். ஆகவே நுழைவுக் கட்டணத்தை ஒப்பிடுவதில் பயனில்லை. மொத்தத் தொகை, பாதியில் வேலை போனால் பாக்கி என்ன, இரண்டாம் ஆண்டுக்கு நீட்டிக்க எவ்வளவு என்ற மூன்றையும் கேளுங்கள். சம்பளக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள்: ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கு 8.25 சதவீதம் பிடிப்பார்கள். பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் சோஷியல் செக்யூரிட்டி என்ற மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் கிடையாது.

நாம் பணம் கொடுத்து வாங்குவது சான்றிதழை அல்ல, வகுப்புக்குள் போகும் முன் கிடைக்கும் பயிற்சியை. மொத்தப் பயிற்சி குறைந்தது 300 மணி நேரம். அதில் 150 மணி, உண்மையான வகுப்பறையில் உட்கார்ந்து கவனிப்பதையும் சேர்த்து, வேலைக்கு முன் முடிய வேண்டும். கடைசி நேரத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு இந்த முன்பயிற்சியை முடிக்க 90 பள்ளி நாள் அவகாசம் தரும் சலுகை உண்டு. முடிந்தவரை அதைத் தொடாதீர்கள். பகலில் ஐந்து வகுப்பு, மாலையில் பாடத்திட்டம், பெற்றோர் அழைப்பு, இரவில் பயிற்சி வீடியோ என்றால் அக்டோபருக்குள் உடம்பு கேட்காது. சம்பளமில்லாமல் ஒரு பருவம் அனுபவமுள்ள ஆசிரியர் வகுப்பில் பயிற்சி எடுக்கும் கிளினிக்கல் டீச்சிங் வழியும் இருக்கிறது. குடும்ப வருமானம் தாங்குமானால் அதுவே நிம்மதி.

டெக்சஸ் (TExES) என்பது ஆசிரியர் சான்றிதழ்த் தேர்வுகளின் பெயர். 100 முதல் 300 வரையான அளவுகோலில் 240 எடுத்தால் தேர்ச்சி. ஒரு தேர்வை மொத்தம் ஐந்து முறைதான் எழுதலாம். ‘சும்மா எழுதிப் பார்ப்போம்’ என்று ஒன்றை வீணாக்காதீர்கள். கணிதம் 7–12 தேர்வின் எண் 235. கால்குலஸ் தெரியும் என்று தெம்பாகப் போகிறவர்கள் வடிவியலில் தடுக்கி விழுவார்கள், அந்தப் பகுதிக்கு மட்டும் சுமார் 19 சதவீத இடம். கணிதத்தை எப்படிக் கற்பிப்பது, மாணவரின் தவறு எங்கே தொடங்கியது என்று கேட்கும் பகுதி இன்னொரு 10 சதவீதம். தொடக்க வகுப்புகளுக்கு 2021 முதல் வாசிப்பு கற்பித்தல் தேர்வும் சேர்ந்துகொண்டது.

பி.பி.ஆர். என்ற கற்பித்தல் தேர்வு வேறு விதம். வகுப்பில் ஒரு பையன் தொந்தரவு செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும். ஹெச்.எம்.மிடம் அனுப்புவது, அப்பா அம்மாவைக் கூப்பிடுவது என்று நமக்குப் பழகிய விடை இங்கே பெரும்பாலும் தவறு. காரணத்தைக் கண்டுபிடித்து, பாடத்தை அவனுக்கு ஏற்ப மாற்றும் விடையைத் தேடுங்கள். ஐ.இ.பி. (சிறப்புத் தேவையுள்ள மாணவருக்கான தனிக் கல்வித் திட்டம்), 504 (குறைபாடுள்ள மாணவருக்கான வசதிகள் பற்றிய சட்டப் பிரிவு), ஏ.ஆர்.டி. கூட்டம் (ஐ.இ.பி.யை முடிவுசெய்யும் குழுவின் கூட்டம்) ஆகியவற்றின் சட்டக் கடமைகளையும் மனதில் வைத்திருக்க வேண்டும். பாடத் தேர்வில் தேறி வேலை கிடைத்தால் இன்டர்ன் சான்றிதழ், ஓராண்டு செல்லும். அதற்குள் பி.பி.ஆரும் தேறாவிட்டால் இரண்டாம் ஆண்டுக்கான ப்ரொபேஷனரி சான்றிதழ் கிடைக்காது. வேலை நெருக்கடியில் இதைத் தள்ளிப்போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. பள்ளி திறக்கும் முன் கோடையிலேயே முடித்துவிடுங்கள்.

பயிற்சிக் காலத்தில் திட்டத்தின் மேற்பார்வையாளர் வகுப்புக்கு வந்து முறையாகக் கவனிப்பார், ஒவ்வொரு முறையும் 45 நிமிடம். அவர் எந்தப் பாடம் எடுத்தவர், கவனித்தபின் எத்தனை நாளில் பேசுவார் என்று சேரும் முன்பே விசாரிக்க வேண்டும். எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவைப் பார்க்க மழலையர் வகுப்பு எடுத்தவரை அனுப்பினால் பொதுவான பாராட்டுதான் மிஞ்சும். பள்ளி தரும் வழிகாட்டி ஆசிரியருக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தில் ஓய்வுப் பீரியட் கிடைக்குமா என்று நேர்காணலிலேயே பிரின்சிபாலிடம் கேட்கலாம், தப்பில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் மனம் மாறினால், பள்ளி தொடங்கும் நாளுக்கு 45 நாள் முன்பே விலகிவிட வேண்டும். அதற்குப் பின் தகுந்த காரணமின்றி விட்டுப் போனால் சான்றிதழுக்கே தடை வரக்கூடும். ஐ.டி. வேலையால் துணைவர் வேறு மாநிலத்துக்கு மாறும் வீடுகளுக்கு இன்னொன்று: இன்டர்ன் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய பயனில்லை. பயிற்சி ஆண்டை முடித்து, திட்டத்தின் பரிந்துரையோடு ஸ்டாண்டர்டு என்ற முழுச் சான்றிதழ் கையில் வந்தபிறகு மூட்டை கட்டுங்கள். அது ஐந்தாண்டு செல்லும். புதுப்பிக்க 150 மணி நேரத் தொழில்முறைப் பயிற்சி காட்ட வேண்டும்.