ஆய்வு மானியமா, வரிக்கழிவா, இணைநிதியா?

மலேசியா ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்ட தொகை 2018ஆம் ஆண்டில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.04 விழுக்காடாக இருந்து, 2020இல் 0.95 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2030க்குள் 3.5 விழுக்காட்டை எட்டுவது தேசிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கக் கொள்கையின் இலக்கு. இந்த இடைவெளியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தொகையோடு நின்றுவிடுகிறது. பணம் எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஓர் ஆய்வு சந்தைக்கு வருவதும் கோப்பில் உறங்குவதும் அமைகின்றன. ஆகவே, இங்கு நடைமுறையில் உள்ள வழிகளை ஒரே கேள்வியை வைத்து எடைபோடலாம் என்று நினைக்கிறேன்: காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகு அந்தச் செலவைச் சுமப்பது யார்?

முதல் வழி நேரடி மானியம். உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத்தை விரிவுரையாளர்கள் ‘எஃப்ஆர்ஜிஎஸ்’ என்றே சொல்வார்கள். பலன் எப்போது வரும் என்று தெரியாத அடிப்படை அறிவியலுக்கு இதை விட்டால் வேறு கதியில்லை. அதில் முதல் போட எந்த நிறுவனமும் முன்வராது. அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பின் உரிமை ஆய்வை நடத்திய பல்கலைக்கழகத்துக்கே சேரலாம் என்று 2009ஆம் ஆண்டின் கொள்கை வகுத்தது. அமெரிக்கா 1980இல் பேய்-டோல் சட்டத்தின்வழி எடுத்த முடிவும் இதே போக்கிலானதுதான்.

சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. மானியம் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் முதல் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் வெளிநாட்டுப் பதிவைத் தொடங்க வேண்டும். மலேசியா 2006இல் இணைந்த காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையின் வழியாகச் சென்றால், பெரும்பாலான நாடுகளில் நுழைய 30 மாதங்கள்வரை அவகாசம் கிடைக்கும். பெரிய செலவு அந்தக் கெடு நெருங்கும்போதுதான் வந்து நிற்கிறது. நாட்டுக்கொரு முகவருக்குக் கட்டணம், சீனாவுக்கும் ஜப்பானுக்கும் மொழிபெயர்ப்பு, காப்புரிமைப் பரிசோதகர் எழுப்பும் ஆட்சேபங்களுக்குப் பதில் என்று அது நீளும். அதற்குள் திட்டக் கணக்கு மூடப்பட்டிருக்கும். சோதனையைச் செய்த ஆய்வு மாணவர் பட்டம் பெற்று வேறு வேலைக்குப் போயிருப்பார். இதற்கு முன்பே இடறும் கல்லும் ஒன்று உண்டு. விண்ணப்பிக்கும் முன் கட்டுரையை வெளியிட்டுவிட்டாலும் மலேசியச் சட்டம் ஓராண்டுச் சலுகை தருகிறது. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட பொதுச் சலுகை கிடையாது. பட்டத்துக்காகக் கட்டுரை எண்ணும் மாணவரைக் காத்திரு என்று சொல்வது எளிது, அவர் நிலையில் இருந்தால்தான் தெரியும்.

இரண்டாவது வழியான இரட்டை வரிக்கழிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 34ஏ பிரிவின்கீழ், அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கு ஒரு நிறுவனம் 1,00,000 ரிங்கிட் செலவிட்டால் 2,00,000 ரிங்கிட்டைக் கழித்துக்கொள்ளலாம். 24 விழுக்காடு வரி கட்டும் நிறுவனத்துக்கு இது கூடுதலாக 24,000 ரிங்கிட் மிச்சம். ஆனால் லாபம் இருந்தால்தானே வரி, வரி இருந்தால்தானே கழிவு? தொடங்கி இரண்டாம் ஆண்டில் நட்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கு அப்போதைக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. ஏற்கெனவே ஆய்வுக்கூடம் வைத்திருப்பவருக்குத்தான் இது கைகொடுக்கும்.

மூன்றாவதாகிய இணைநிதியைப் பினாங்கில் நேரில் பார்க்கலாம். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கி இன்டெல் வந்த நாளிலிருந்து தீவில் தொழிற்சாலைகள் பெருகின. ஆனால் அவற்றுக்கும் 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வில் நெருக்கமான உறவு வளர வெகுகாலம் பிடித்தது. 2012இல் உருவான கிரெஸ்ட் அமைப்பு அந்த இடைவெளியில் நுழைந்தது. சிக்கலை நிறுவனம் கொண்டுவருகிறது, செலவில் ஒரு பங்கை அதுவே போடுகிறது, மற்றொரு பங்கைப் பொதுநிதி தாங்குகிறது, பல்கலைக்கழகம் ஆய்வைச் செய்கிறது. முடிவுக்காக ஒருவர் காசு போட்டுக் காத்திருப்பதால், 30ஆம் மாதத்தில் கைவிடப்படும் அபாயம் குறைவு. பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பன்னாட்டு நிறுவனத்தின் சட்டத்துறை ஒரு பக்கமும் பல்கலைக்கழகத்தின் சிறு அலுவலகம் மறுபக்கமும் உட்கார்ந்து உரிமையைப் பேசினால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை விளக்கத் தேவையில்லை. புக்கிட் மெர்தாஜாமில் நான்கு இயந்திரங்களோடு பட்டறை நடத்துபவருக்கு இந்த மேசையில் நாற்காலியும் கிடைப்பதில்லை.

இம்மூன்றையும் ஒப்பிடுவோர் நான்காவதை, அதாவது தொழிலிடமே வரி வசூலித்து ஆய்வு நடத்துவதை, மறந்துவிடுகிறார்கள். அதன் பலனோடு வாழ்ந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். 1925இல் அமைந்த ரப்பர் ஆய்வுக்கழகம் ஏற்றுமதி ரப்பரின்மீது விதித்த செஸ் வரியில் நடந்தது. பணம் தொழிலிலிருந்தே வந்ததால் அதன் முடிவுகள் நேராகத் தோட்டத்துக்குப் போயின. கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த ரப்பருக்கு 1965இல் தொழில்நுட்ப அளவீட்டுத் தரம் வகுத்ததும், எத்திஃபான் என்னும் வேதிப்பொருளை மரத்தில் தடவிப் பால் சுரப்பைக் கூட்டும் முறையை வளர்த்ததும் அந்தக் கழகம்தான். அது உருவாக்கிய ஆர்ஆர்ஐஎம் 600 என்னும் ஒட்டுக்கன்று எல்லை தாண்டிப் போய்த் தாய்லாந்தின் ரப்பர் நிலங்களில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. ரப்பர் உற்பத்தியில் இன்று உலகில் முதலிடம் அந்த நாட்டுக்குத்தான். இதை இழப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கன்று இங்கும் பல தோட்டங்களை வாழவைத்தது. ஆனாலும், புதிய தாவர வகைகளுக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் மலேசியாவில் 2004இல்தான் வந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதேபோலத் தன் தொழிலின் செஸ் பணத்தில் இயங்கும் மலேசியச் செம்பனை வாரியம் மாற்றி நடந்தது. பழ ஓட்டின் தடிப்பை முடிவுசெய்யும் மரபணுவை அமெரிக்காவின் ஓரியன் ஜெனோமிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2013இல் நேச்சர் இதழில் வெளியிட்ட அவ்வாரியம், காப்புரிமையும் பதிந்தது. மரம் காய்க்கும்வரை காத்திராமல் நாற்றங்காலிலேயே கன்றின் வகையை அறிய இது வழி திறந்தது. உரிமை, அதைக் கட்டிக்காக்கும் பணம், பயன்படுத்தப்போகும் தொழில் ஆகிய மூன்றும் இங்கே ஒரே வீட்டில் இருந்தன.

என் கணக்கில், அடிப்படை ஆய்வுக்கு மானியமும் மின்னணுத் துறைக்கு இணைநிதியும் பொருந்தும். வரிக்கழிவு அவற்றுக்குத் துணை மட்டுமே. மானியத்தோடு 30ஆம் மாதச் செலவுக்கென ஒரு தனித்தொகையை ஒதுக்கிவைத்தால், புதிதாக ஒரு திட்டம் அறிவிப்பதைவிடப் பயன் கூடும். அந்தப் பட்டறைக்காரருக்கு நான்கு வழிகளும் எட்டாமல் போகலாம், ஆனால் 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்திலேயே அவருக்கு ஓர் இடம் உண்டு. பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழுக்குப் புதுமையும் தொழிலில் பயன்படும் தன்மையும் போதும். முழுக் காப்புரிமை கேட்கும் கண்டுபிடிப்புத்திறனை அது கேட்பதில்லை. முதலில் 10 ஆண்டுகள், பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாக இருமுறை நீட்டிப்பு. விண்ணப்பத்தில் ஒரே ஓர் உரிமைக்கோரலுக்குத்தான், அதாவது எதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்று வரையறுக்கும் ஒரே வாக்கியத்துக்குத்தான், இடமுண்டு என்பதால், அந்த ஒரு வாக்கியத்தை எழுத நல்ல முகவரைப் பிடிப்பதில் மட்டும் அவர் சிக்கனம் பார்க்கக் கூடாது.