கணக்குப் பார்க்க ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சி: என் அனுபவம்

கடலூரில் சின்னதாக ஒரு வரி ஆலோசனை அலுவலகம் வைத்திருக்கிறேன். 2017-இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எல்லாக் கணக்கையும் பார்த்துக்கொண்ட அக்கா, கணவருக்கு மாற்றலாகி மே மாதம் திருநெல்வேலிக்குப் போய்விட்டார். பில் கட்டைப் புரட்டும்போதே "சார், இது 34" என்று தனியாக எடுத்து வைக்கிறவர். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கும், புதுச்சேரிக்கு 34. ஒரே பஸ்ஸில் போய் வரும் தூரம்தான், ஆனால் அங்கிருந்து சரக்கு எடுத்தால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநில எல்லை தாண்டி வரும் சரக்குக்கான, இரண்டாகப் பிரியாத ஒரே வரி.

சரி, ஏஜென்சிக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். கட்டணம் ஒரு மாதச் சம்பளம், பாதி முன்பணம். மூன்று மாதத்துக்குள் ஆள் நின்றுவிட்டால் மாற்று ஆள் இலவசம். இரண்டே நாளில் வாட்ஸ்அப்பில் ஐந்து பயோடேட்டா வந்தது. அந்த வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

நான்கு வருட அனுபவம் என்று ஒரு தம்பியைச் சேர்த்தேன். டேலி என்ற கணக்கு மென்பொருளில் விரல் பறக்கும். ஆனால் ஒரு ஹார்டுவேர் கடையின் புதுச்சேரி பில்களை எல்லாம் உள்ளூர் பில் மாதிரி சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) என்று பாதிப் பாதியாகப் பிரித்துப் போட்டிருந்தார். கேட்டால், "பக்கத்து ஊர்தானே சார்!" அவரே 17-ஆம் தேதி சொல்லாமல் நின்றுவிட்டார். 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர வரிக் கணக்கு, போட வேண்டும். ஏஜென்சியில் நான்கு நாள் யாரும் போன் எடுக்கவில்லை. இரண்டு பார்ட்டிக்குத் தாமதமாகி, ஒரு நாளைக்கு 50 ரூபாய் வீதம் என் கையிலிருந்து கட்டினேன். பார்ட்டிகள்மேல் தப்பில்லையே.

மாற்று ஆள் வர 22 நாள் ஆனது. "ஃப்ரெஷர்தான், பரவாயில்லையா சார்?" என்று தயங்கித் தயங்கித்தான் அனுப்பினார்கள். இந்த முறை நான் பத்து பில்லை மேசையில் வைத்தேன், நடுவில் ஒரு 34. அந்தப் பெண் அதைக் கையில் எடுத்து, "இதுல மட்டும் ஏன் சார் வரி ஒரே வரியா இருக்கு?" என்றார். அன்றே சேர்த்துக்கொண்டேன்.

எத்தனை வருட அனுபவம், டூவீலர் இருக்கா, என்ன சம்பளம் என்றெல்லாம் கேட்ட ஏஜென்சி, உங்கள் அலுவலகத்தில் என்ன வேலை நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்துக்கு இரண்டரை. போகிறவர்கள், மாற்று ஆள் எத்தனை நாளில் வருவார் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

இந்த மாதம் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 ஒன்பதாம் தேதியே முடிந்தது. திருநெல்வேலிக்கு இரண்டே போன்.