அப்பாவின் 42 ஓவியங்கள்: ஆறு வருடப் பிரிண்ட் அனுபவம்

எங்கள் அப்பா கும்பகோணத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். அவர் வரைந்த வாட்டர்கலர் ஓவியங்களில் மிஞ்சியவை 42. பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். யார் எதை எடுத்துக்கொள்வது என்ற பேச்சை எடுத்தபோதே மனசு கஷ்டமாகிவிட்டது, அதனால் ஆளுக்கு ஒரு முழு செட் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று 2018இல் நான் ஒப்புக்கொண்டேன். வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல நிறைய சேர்ந்துவிட்டது.

முதலில் ஒரு போட்டோ லேபில் கொடுத்தேன். பளபளவென்று வந்தது. அப்பா பயன்படுத்திய தாளின் பழுப்பு வெள்ளை சுத்தமாகப் போய், கல்யாண ஆல்பம் மாதிரி பளிச்சென்று இருந்தது. அங்கே மெஷின் தானாகவே கலர் கரெக்‌ஷன் செய்துவிடுகிறது, முகங்களுக்கு அது சரி, ஓவியத்துக்கு ஆகாது. அடுத்து ஜிக்லே பிரிண்ட் என்று விளம்பரம் செய்த இன்னொரு இடம். அந்தப் பெயரைக் கேட்டதுமே நம்பிவிட்டேன். ஜாக் டுகான் என்பவர் 1991இல் இங்க்ஜெட் பிரிண்டுக்கு வைத்த பெயர்தான் அது, அந்தக் காலத்து ஐரிஸ் என்ற இங்க்ஜெட் மெஷினின் பிரிண்டுகள் சாய மையில் அடித்தவை, பல சீக்கிரமே வெளுத்தும் போயின. பெயரில் உத்தரவாதம் எதுவும் கிடையாது. கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: மை பிக்மென்ட்டா (கரையாத நிறத்தூள்) சாயமா (கரைந்த நிறம்), தாள் பருத்தியா மரக்கூழா.

2019இல் 17 அங்குல பிக்மென்ட் பிரிண்டர் ஒன்றை நானே வாங்கினேன். அதன் பிறகுதான் தெரிந்தது, கஷ்டம் பிரிண்டரில் இல்லை, ஓவியத்தைப் படம் எடுப்பதில் இருக்கிறது. இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, கேமரா ஓவியத்துக்கு நேர் எதிரே, ஓரத்தில் 24 கட்டம் உள்ள கலர் அட்டை. இவ்வளவும் சரியாக வைத்து அப்பாவின் தரங்கம்பாடிக் கடல் ஓவியத்தைப் படம் எடுத்து, பிரிண்ட் அடித்து, அம்மாவிடம் காட்டினேன். "கடல் எதுக்குடா கத்திரிக்காய் கலர்ல இருக்கு?" என்றார். மானிட்டரிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது, ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காததால் எனக்குத் தெரியவில்லை. கோபால்ட் நீலம் நம் கண்ணுக்கு லேசாக மட்டுமே தெரியும் ஆழ்சிவப்பு ஒளியையும் திருப்பி அனுப்புகிறது, கேமரா அதைப் பிடித்துக்கொண்டு நீலத்தை ஊதாவாக்கிவிடுகிறது. கலர் அட்டை, நிறத்தைத் திருத்தும் புரொஃபைல் எதுவும் அதை முழுசாகச் சரிசெய்யவில்லை. கடலை மட்டும் தனியாக மாஸ்க் செய்து, கையாலேயே நீலத்தைத் திருப்பினேன். ஒன்பது டெஸ்ட் துண்டுகள் ஆயின. ஒன்பதாவதை அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதான்" என்றார்.

மானிட்டர் வெளிச்சத்தைக் குறைக்காமல் பிரிண்ட் எடுக்காதீர்கள். பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று புலம்புகிற பலருக்கும் பிரச்சினை அதுதான், நான் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவில் வைத்திருக்கிறேன். அப்புறம், ஒரிஜினலையும் பிரிண்டையும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ட்யூப்லைட்டில் பொருந்திய பச்சை காலை ஜன்னல் வெளிச்சத்தில் விலகி நிற்கும். படம் எந்தச் சுவரில் மாட்டப்போகிறதோ அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத்தான் நான் முடிவெடுக்கிறேன்.

தாளில் பல வகை பார்த்துவிட்டு ஹானமூலே போட்டோ ராக் என்ற தாளில் (சதுர மீட்டருக்கு 308 கிராம்) நின்றுவிட்டேன். 1584இலிருந்து தாள் செய்கிற ஜெர்மன் கம்பெனி. முழுப் பருத்தி, தொட்டால் வாட்டர்கலர் தாள் மாதிரியே இருக்கும். ஏ3 அளவுக்கு மேல் ஒரு பிரிண்ட் போட்டால் தாளும் மையும் சேர்த்து என் கணக்கில் 450 ரூபாய்க்குக் குறைவதில்லை, டெஸ்ட் துண்டுகள் தனி. எந்தப் பருத்தித் தாளானாலும் அடிப்பதற்கு முன் மென்மையான பிரஷ்ஷால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசி பிறகு உதிர்ந்தால் கறுப்பில் வெள்ளைப் புள்ளி விழும்.

நம் ஊர் ஈரம் பெரிய தொந்தரவு. ஒரு நவம்பரில் தாள் பாக்கெட்டைத் திறந்தபடி வைத்துவிட்டேன், ஓரம் வளைந்து பிரிண்ட் ஹெட் உரசி, நாலு தாள் கறுப்புக் கோட்டோடு வெளியே வந்தது. இப்போது சிலிகா ஜெல் போட்ட டப்பாவில்தான் தாள். பிரிண்டரைச் சும்மாவும் போடக் கூடாது, வாரம் ஒரு சின்னப் படமாவது எல்லா மையும் ஓடுகிற மாதிரி அடித்தால்தான் ஹெட் அடைக்காமல் இருக்கிறது.

இனி ஆறு வருடச் சுவர் சோதனை. 2019 ஜூனில் அதே கடல் ஓவியத்தின் பிரிண்டை மூன்று விதமாக மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன், நாலாவது பிரதி இருட்டு டிராயரில். பழைய வீட்டுப் பிரிண்டரில் சாய மையில் அடித்தது இரண்டாவது வருடமே வெளுத்து, வானத்திலிருந்த ரோஜா நிறம் காணாமல் போனது. கண்ணாடி போட்ட பிக்மென்ட் பிரிண்டுக்கும் டிராயர் பிரதிக்கும் இன்றும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணாடி இல்லாததில் நிறம் அப்படியே இருக்கிறது, தாளின் வெள்ளை மட்டும் கொஞ்சம் மஞ்சளித்திருக்கிறது. தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் பிரைட்னர் வெயிலில் தீர்ந்துபோவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கண்ணாடி இல்லாமல் மாட்டுபவர்கள் பிரைட்னர் சேர்க்காத தாளைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபிரேம் கடையில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் பிரிண்டை ஹார்ட்போர்டில் பசை தடவி ஒட்டிவிட்டார்கள், அடுத்த மழைக்காலத்திலேயே தாள் அலையலையாகி மூலையில் பூஞ்சை. இப்போது ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டை நானே வாங்கிக் கொடுத்து, மேல் ஓரத்தில் மட்டும் பேப்பர் டேப்பில் தொங்கவிடச் சொல்லி, கூடவே நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.

அப்பா கேமராவில் எடுத்த 6x6 செ.மீ. நெகட்டிவ்கள் சுலபமாக முடிந்தன. கறுப்பு வெள்ளைதான், சாம்பல் மைகள் தனியாக இருக்கிற பிரிண்டரில் நிறச்சாயல் இல்லாமல் அழகாக வருகின்றன.

முடியாத ஒன்றும் உண்டு. ஒரு பொங்கல் கோலத்துக்கு அப்பா ஃப்ளோரசன்ட் ரோஸ் பயன்படுத்தியிருக்கிறார். என் பிரிண்டரில் இருக்கிற மைகளில் அந்தச் சுடர் வராது, நாலு முறை முயன்று விட்டுவிட்டேன். அந்த ஓவியத்தின் பிரிண்டுகளுக்குப் பின்னால் மட்டும் பென்சிலில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "நகல். ரோஸ் இதைவிடப் பிரகாசம். ஒரிஜினல் தங்கை வீட்டில்."