மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர்கள்: உடனே சேமிப்பதா, தள்ளிப்போடுவதா?

திருகோணமலை உவர்மலையில் எங்களோடு கூடியிருந்து லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) படிக்கும் பிள்ளைகள் சிலர் சொந்தமாகச் சின்னக் கெர்னல் எழுதுகிறார்கள். ஒரு புரோசஸிலிருந்து (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) மற்றதுக்கு மாறும் இடம் வந்ததும் எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்: செயலிக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்களின் மதிப்புகளை உடனே நினைவகத்தில் சேமிப்பதா, தேவைப்படும்வரை தள்ளிப்போடுவதா? சாதாரண ரெஜிஸ்டர்களில் யோசிக்க ஒன்றுமில்லை, கெர்னலும் அவற்றையே பாவிப்பதால் உடனே சேமித்தாக வேண்டும். பிரச்சினை தசம எண்களுக்கான மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர்களிலும், பல எண்களை ஒரே தடவையில் கையாளும் வெக்டர் ரெஜிஸ்டர்களிலும்தான்.

தள்ளிப்போடும் முறையில் கெர்னல் x86 செயலியின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரான சிஆர்0-இன் டிஎஸ் பிட்டை மட்டும் 1 ஆக்கிவிடும். புதிய புரோசஸ் அந்த ரெஜிஸ்டர்களைத் தொட்டால் 7ஆம் எக்ஸெப்ஷன் (செயலி நிரலை நிறுத்திக் கெர்னலை அழைப்பது) எழும், அப்போதுதான் பழையது சேமிக்கப்படும். தொடாவிட்டால் 512 பைட் நகலெடுப்பு மிச்சம். தசமக் கணக்கு அரிதாக இருந்த காலத்தில் இது நல்ல யோசனைதான். இப்போது நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பிகூட வெக்டர் ரெஜிஸ்டர்களைப் பாவிக்கிறது. ஆகவே எக்ஸெப்ஷன் செலவும் சேமிப்புச் செலவும் சேர்ந்தே விழுகின்றன.

வேகத்தை விடுங்கள், பாதுகாப்பிலேயே இந்த முறை தோற்றுப்போனது. முந்தைய புரோசஸின் மதிப்புகள் செயலிக்குள்ளேயே கிடக்கும். எக்ஸெப்ஷன் எழுமுன் இன்டெல் செயலிகள் ஊகத்தில் (அடுத்த கட்டளைகளை முன்கூட்டியே ஓட்டிப்பார்க்கையில்) அவற்றைப் படித்துவிடுவதை 2018 ஜூனில் வெளியான ஓட்டை காட்டியது. ஏஇஎஸ் மறையாக்கச் சாவிகள் இருப்பதும் அதே ரெஜிஸ்டர்களில்தான்! லினக்ஸ் 2016இலேயே, 4.6 பதிப்பில், உடனே சேமிப்பதை இயல்பாக்கியிருந்தது.

உடனே சேமிப்பதென்றால் எப்போதும் முழுவதையும் எழுதுவது என்றில்லை. எக்ஸ்சேவ்ஆப்ட் கட்டளை கடைசியாக ஏற்றியபின் மாறாத பகுதிகளையும் ஆரம்ப நிலையில் இருப்பவற்றையும் விட்டுவிடலாம். ஏவிஎக்ஸ் (256 பிட் வெக்டர் ரெஜிஸ்டர்கள்) வரை மட்டும் உள்ள மடிகணினியின் பூட் பதிவைப் பாருங்கள், 832 பைட் என்றிருக்கும்: பழைய பகுதி 512, தலைப்பு 64, ஏவிஎக்ஸ் 256. 2019இல் வந்த 5.2 முதல் லினக்ஸ், திரும்ப ஏற்றுவதை மட்டும் பயனர் நிரலுக்குத் திரும்பும் கணம்வரை தள்ளிப்போடுகிறது. சோம்பல் இருக்கவேண்டிய இடம் அதுதான் என்பேன்.

ஏஎம்எக்ஸ் (இன்டெலின் அணிக் கணக்கு நீட்சி) மட்டும் தனிக்கதை. அதன் தரவே 8192 பைட். அதனால் புரோசஸ் முதலில் அனுமதி கேட்கவேண்டும், முதல் பாவனையில்தான் இடம் ஒதுக்கப்படும்.

சரி, சொந்தக் கெர்னலுக்கு எது? உடனே சேமியுங்கள், முதலில் அந்த 512 பைட் பகுதியைச் சேமிக்கும் எஃப்எக்ஸ்சேவ் கட்டளை போதும். அதற்கு 16 பைட் எல்லையில் முகவரி வேண்டும். ஏவிஎக்ஸ் போன்றவற்றையும் சேமிக்கும் எக்ஸ்சேவுக்கு மாறும்போது 64 பைட் எல்லை. தவறினால் 13ஆம் எக்ஸெப்ஷன்தான் வரும்.