வங்கி நேர்காணல்: மனப்பாடமா, சம்பவப் பட்டியலா, பயிற்சியாளரா, சாட்ஜிபிடியா?

ஒரு நிறுவனத்துக்கு டிசிஎஃப் (எதிர்கால வரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கணக்கிடும்) முறையில் எப்படி மதிப்புப் போடுவது என்று கேட்டால் நம் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுவார்கள். "குழுவில் ஒருவர் வேலை செய்யாமல் இழுத்தடித்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால்தான் திணறல். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேஸ், மரினா பே பக்கத்து முதலீட்டு வங்கிகள் இந்த வகைக் கேள்விகளை 'பிஹேவியரல்' என்ற பெயரில் விடாமல் கேட்கின்றன. நேற்று எப்படி நடந்துகொண்டீர்களோ அப்படித்தான் நாளையும் நடந்துகொள்வீர்கள் என்பது இதன் அடிப்படைக் கணக்கு. இதைச் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். ஷ்மிட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்டார்கள். எல்லாரிடமும் ஒரே ஒழுங்கில் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிடச் சரியாகக் கணிக்கிறது என்று அதில் தெரிந்தது.

இதற்குத் தயாராக நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு எல்லாரும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். "சரி, அதற்கு அவர் என்ன சொன்னார்?", "அந்த முடிவு உங்களுடையதா, குழுவுடையதா?" என்று எதிரில் இருப்பவர் அடுத்து கேட்கும்போதுதான் தயாரிப்பின் லட்சணம் தெரியும்.

மனப்பாடம்

நமக்குப் பழகிய வழி. தமிழ் வாய்மொழித் தேர்வுக்கே பதில்களை எழுதி வைத்து ஒப்பித்தவர்கள்தானே நாம்! இருபது கேள்விகளுக்குப் பதில் எழுதி உருப்போட்டால் தைரியம் வரும், அது உண்மை. ஆனால் கேள்வி கொஞ்சம் சாய்ந்து வந்தால் போச்சு. 'தோல்வி' என்று தயாரித்த பதிலை 'மனவருத்தம்' என்று கேட்டவருக்குத் தூக்கிக் கொடுப்பார்கள். இரண்டாவது கேள்வியில் குரலே மாறிவிடும். ஒப்பித்த பகுதி முடிந்த இடம் கேட்பவருக்கு அப்பட்டமாகத் தெரியும்.

இருந்தாலும் இதை முழுக்கத் தள்ள மாட்டேன், ஏனென்றால் இரண்டாவது கேள்வியே இல்லாத சுற்று ஒன்று உண்டு: பதிவு வீடியோ. முதலீட்டு வங்கியான கோல்ட்மன் சாக்ஸ் 2016-இல் அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் முதல் சுற்றை நேரில் நடத்துவதை விட்டுவிட்டு ஹயர்வியூ என்ற பதிவு முறைக்கு மாறியது. இப்போது சிங்கப்பூர் விண்ணப்பதாரர்களுக்கும் இது பழகிப்போன படி. திரையில் கேள்வி வரும். யோசிக்க அரை நிமிடம், பேச இரண்டு நிமிடம் என்ற அளவில்தான் கிடைக்கும். முகபாவத்தை மென்பொருள் எடை போடும் என்று இன்னமும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அம்சத்தைக் கைவிட்டதாக ஹயர்வியூ 2021-லேயே அறிவித்துவிட்டது. இங்கே எதிரில் யாரும் தலையாட்ட மாட்டார்கள், குறுக்கே பேச மாட்டார்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்", "ஏன் முதலீட்டு வங்கி?" என்ற இரண்டுக்கும் செதுக்கிய பதில் இருப்பது இங்கே லாபம். அதற்கு மேல் மனப்பாடத்தை நீட்ட வேண்டாம்.

சம்பவப் பட்டியல்

என் வோட்டு இதற்குத்தான். பதில்களை எழுதாமல், உங்களுக்கு உண்மையிலேயே நடந்த ஏழெட்டுச் சம்பவங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து குறிப்புகள் போதும்: யார் யார் இருந்தார்கள், எவ்வளவு பணம் அல்லது நேரம், எந்த இடத்தில் சிக்கியது, நீங்கள் எடுத்த முடிவு என்ன, அதற்குப் பின் என்ன ஆனது. சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்று நான்காகப் பிரிக்கும் 'ஸ்டார்' முறை எல்லாருக்கும் தெரியும். அதில் பலரும் சூழலுக்கே பாதி நேரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். மதிப்பெண் இருப்பது செயலில்.

பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தின் மேடை நாடகத்துக்கு நன்கொடை திரட்டிய ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். மூன்று வாரம் இருக்கும்போது பெரிய நன்கொடையாளர் பின்வாங்கினார். ஒளியமைப்புச் செலவைக் குறைக்க வேண்டும் என்கிறார் மாணவி, முடியாது என்கிறார் இயக்குநர். இந்த ஒரே சம்பவம் நெருக்கடி, கருத்து வேறுபாடு, பிறரை இணங்க வைப்பது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் உதவும். "இயக்குநர் என்ன சொன்னார்?" என்று கேட்டாலும் திணற வேண்டியதில்லை. நடந்ததைத்தானே சொல்லப்போகிறார்.

எந்தச் சம்பவத்தை எடுப்பது என்பதிலும் ஒரு போட்டி இருக்கிறது. சிங்கப்பூர் ஆண்களில் பெரும்பாலோர் தேசிய சேவைக் (ராணுவம் போன்றவற்றில் செய்யும் கட்டாயப் பணி) கதையோடுதான் வருகிறார்கள். இரண்டு வருட அனுபவம், விட மனம் வராது. ஆனால் எதிரில் இருப்பவரும் அங்கே கிடந்து வந்தவராக இருக்கலாம். கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் மாட்டிக்கொள்வீர்கள். தலைமை தாங்கியதைவிட, காயம்பட்ட ஒருவரை அணிவகுப்பிலிருந்து விலக்கச் சொல்லி மேலதிகாரியிடம் வாதாடியது போன்ற சின்னச் சம்பவம் நன்றாக நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்தவர்கள் அந்தக் கதை தங்களிடம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அப்பாவின் கடையில் கடன் பாக்கி வசூலித்த கதை, பத்தாவது கேஸ் போட்டிக் (நிறுவனச் சிக்கலுக்குத் தீர்வு சொல்லும் மாணவர் போட்டி) கதையைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம், இந்த 'நாங்கள்'. தன்னைப் பற்றிப் பேசுவது தற்பெருமை என்று வளர்த்த வீடுகளிலிருந்து வருகிறோம். "நாங்கள் முடிவு செய்தோம், நாங்கள் சமாளித்தோம்" என்று ஐந்து நிமிடம் போகும். கேட்பவரோ உங்களுக்கு மட்டும்தான் மதிப்பெண் போட முடியும்.

பயிற்சியாளரா, சீனியரா?

நண்பனை வைத்துப் பேசிப் பழகலாம், ஆனால் அவன் உங்களை விட்டுவிடுவான். என்யுஎஸ், என்டியு, எஸ்எம்யு ஆகிய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்பு மையங்களில் பயிற்சி நேர்காணல் கிடைக்கும். முதல் கூச்சத்தைப் போக்க அது போதும். வங்கியிலேயே இருக்கும் சீனியர்தான் உண்மையில் குடைவார். அவரிடம் வார நாளில் மாலை நேரம் கேட்காதீர்கள். நள்ளிரவு வரை அலுவலகத்தில் இருப்பவர் அவர். ஞாயிறு பகலில் அரை மணி நேரம் கேளுங்கள், இரண்டு சம்பவத்தோடு மட்டும் போங்கள்.

காசு வாங்கும் பயிற்சியாளர் மணிக்கணக்கில் கட்டணம் போடுவார். லண்டன், நியூயார்க் வங்கிகளில் இருந்தவர்கள் இணையவழி சொல்லிக்கொடுக்கிறார்கள். பேச்சின் நீளம், தடுமாற்றம், தொனி ஆகியவற்றைத் திருத்துவதில் கெட்டிக்காரர்கள். "ஏன் சிங்கப்பூர்?" என்ற கேள்விக்கு வந்தால் கை விரித்துவிடுவார்கள். இந்தோனேசியா, வியட்நாம், மலேசியா என்று பல நாட்டுச் சட்டங்களைத் தாண்டும் ஒப்பந்தங்கள் இங்கே எப்படி நடக்கின்றன என்பது அவர்களுக்குத் தூரத்து விஷயம். பட்டியல் தயாரான பிறகு ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுங்கள். அதற்கு முன்னால் கொடுப்பது வீண்.

சாட்ஜிபிடி

பதில் எழுதச் சொன்னால் வழவழவென்று எழுதித்தரும். அதே பதிலின் அண்ணன் தம்பிகளை அன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார் நேர்காணல் எடுப்பவர். குடையச் சொன்னால் கதை வேறு. உங்கள் சம்பவத்தைக் கொடுத்து, "நம்பாத ஆள் மாதிரி பத்துத் துணைக்கேள்வி கேள்" என்று சொல்லிப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கும் சலிக்காமல் கேட்கும். சீனியரிடம் இது நடக்காது.

இரண்டு எச்சரிக்கைகள். முந்தைய இன்டர்ன்ஷிப்பில் பார்த்த, இன்னும் வெளியே வராத ஒப்பந்த விவரங்களை அதில் தட்டச்சு செய்யாதீர்கள். நேர்காணலிலும் வாடிக்கையாளர் பெயரை உளறாதீர்கள். "ஒரு உற்பத்தி நிறுவனம்" போதும். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற முடிவுக்கு அந்த ஒரு பெயரே போதும்.

மற்றது, "ஏன் இந்த வங்கி?" என்பதற்கு அது தரும் தகவலை அப்படியே நம்பாதீர்கள். சிங்கப்பூர் வங்கியான டிபிஎஸ் பற்றிப் பேசுகிறவர் கரூர் லட்சுமி விலாஸ் வங்கியை இழுப்பது நம்மவர்களுக்கு இயல்பு. "டிபிஎஸ் அதை வாங்கியது" என்று சொன்னால் அடுத்து "என்ன விலைக்கு?" என்று வரும். வழக்கமான கொள்முதல் இல்லை அது. 2020 நவம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த திட்டப்படி டிபிஎஸ்ஸின் இந்திய நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. லட்சுமி விலாஸ் வங்கியின் பங்கு மூலதனம் முழுதும் இல்லாமலாக்கப்பட்டது. டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் முதலீடாக இறக்கியது. இதை ஆண்டறிக்கையிலும் நாளிதழிலும் நீங்களே படித்திருந்தால் அந்த விலைக் கேள்வியே உங்களுக்குச் சாதகம்.

நேர்மை பற்றிய கேள்விக்கு 1995-இல் இதே ஊரில் பேரிங்ஸ் வங்கி கவிழ்ந்த கதையை எடுத்து விடுகிறவர்களும் உண்டு. சாட்பாட்டும் அதைத்தான் முதலில் நீட்டும். அந்த வங்கியைக் கவிழ்த்த வர்த்தகர் நிக் லீசன் செய்ததை விடுங்கள், நீங்கள் ஒரு தவறான எண்ணைக் கண்டுபிடித்து யாரிடம் போய்ச் சொன்னீர்கள்? அதுதான் கேள்வி.

நாள் கணக்கு

இரண்டு மாதம் இருந்தால் பட்டியலில் தொடங்கி, சாட்பாட்டைக் குடையச் சொல்லிப் பழகி, கடைசி இரண்டு வாரத்தில் சீனியரைப் பாருங்கள். பணம் மிச்சமிருந்தால் பயிற்சியாளர். பதிவு வீடியோவுக்கு மட்டும் அழைப்பு வந்திருந்தால் அந்த இரண்டு பதில்களை உருப்போட்டு, கைப்பேசியில் பதிவு செய்து, இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறதா என்று பாருங்கள். நாளைக்கே நேரடிச் சுற்று என்றால் மூன்று சம்பவங்கள் போதும். பயிற்சியாளருக்கு இன்றிரவு பணம் அனுப்பாதீர்கள்.