பழைய பள்ளிக் கட்டடம்: காண்டிராக்டரா, மரபுக் கட்டட ஆர்க்கிடெக்டா?

வெள்ளைக்காரன் காலத்து ஓட்டு வகுப்பறைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கும் ஏற்காட்டுப் பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழுவில் நான் இருக்கிறேன். சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்து விழ ஆரம்பித்ததும் இரண்டு எஸ்டிமேட் வாங்கினோம். ஒன்று சேலத்து சிவில் காண்டிராக்டருடையது. இன்னொன்று, பள்ளி, கல்லூரிக் கட்டடங்களையும் பழைய கட்டடப் புதுப்பிப்பையும் மட்டுமே எடுத்துச் செய்யும் ஆர்க்கிடெக்ட் நிறுவனத்துடையது. இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்றும் ஒரு பேச்சு இருந்தது. மலையில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி வாங்கும் அலைச்சலை நினைத்ததும் அது தானாக அடங்கிவிட்டது. கடைசியில் ஆர்க்கிடெக்ட் நிறுவனத்திடம்தான் கொடுத்தோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

செலவு, வேகம் இரண்டிலும் காண்டிராக்டர்தான் முன்னால் நிற்கிறார். கோடை விடுமுறைக்குள் முடித்துச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவார். ஆர்க்கிடெக்ட் நிறுவனத்துக்குக் கட்டணம் தனி, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வெளியூரிலிருந்து வரவழைக்கும் செலவு தனி.

பள்ளிக்கூட அனுபவம் என்று பார்த்தாலும் வித்தியாசம் உண்டு. 2004 கும்பகோணம் தீ விபத்தில் 94 குழந்தைகள் பறிபோன பிறகு, பள்ளிக் கட்டடம் என்றாலே கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அறையிலிருந்து வெளியேற இன்னொரு வழி உண்டா என்று பார்ப்பார்கள். 1965-ம் வருடத்துப் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி தாசில்தாரிடம் உரிமம் வாங்க வேண்டும், கட்டட உறுதிச் சான்றும் வேண்டும். இதையெல்லாம் நாங்கள் கேட்காமலே ஆர்க்கிடெக்ட் நிறுவனத்தார் வரைபடத்தில் போட்டிருந்தார்கள். தேர்வு நாட்களில் தட்டுகிற, உடைக்கிற வேலை இல்லாதபடி அட்டவணையும் தந்தார்கள்.

ஆனால் என்னை அந்தப் பக்கம் தள்ளியது வேறு விஷயம்: வருடா வருடம் வரப்போகும் பராமரிப்புச் செலவு. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மழை, அது விட்டால் பனிமூட்டம். சுவர் முழுசாகக் காய்கிற மாதங்கள் குறைவு. எங்கள் சுவர் சூளைச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில் ஓதத் தடுப்பு கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்விடும் என்ற கணக்கில் கட்டியது அது. இடையில் யாரோ உட்புறம் சிமென்ட் பூசி, அதன்மேல் எமல்ஷன் அடித்துவிட்டார்கள். ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லைத் தின்றுகொண்டிருந்தது. சிமென்ட் பூச்சைத் தட்டி எடுத்தபோது பின்னால் இருந்த செங்கல் நகம் பட்டாலே சிவப்பு மாவாக உதிர்ந்தது. அதே சுவரில், பீரோ மறைத்திருந்ததால் சிமென்ட் படாமல் தப்பிய இடத்தில் செங்கல் கல் மாதிரி கெட்டியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு குழுவில் பெரிதாக விவாதம் நடக்கவில்லை.

காண்டிராக்டரின் எஸ்டிமேட் சதுர அடிக்கு இவ்வளவு என்று மறுபடியும் சிமென்ட் பூச்சு, வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் என்றுதான் போனது. ஆர்க்கிடெக்டின் எஸ்டிமேட்டில் முதல் வரியே சுவரைப் பற்றியது அல்ல, வாசலைப் பற்றியது. முற்றத்துக்கு கான்கிரீட் போட்டுப் போட்டுத் தரை மட்டம் உயர்ந்து, மழைத்தண்ணீர் சுவரோரம் தேங்கியிருக்கிறது. அதை வெட்டியெடுத்து ஜல்லி நிரப்பிய வடிகால் போட்ட பிறகுதான் பூச்சு வேலையையே தொட்டார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சாந்து. அந்த வாசனைக்குத் தேனீ மொய்த்தது. சேலத்துக்குச் சுண்ணாம்புக்கல் ஒன்றும் புதிதில்லை, சங்ககிரியில் வெட்டுகிறார்கள், ஆனால் அது போவதென்னவோ சிமென்ட் ஆலைக்கு! நல்ல சுண்ணாம்புக்கும் ஆளுக்கும் நாங்கள்தான் அலைந்தோம். இது ஏதோ பழசின் மேல் உள்ள ஆசையில் செய்வது என்று நினைக்க வேண்டாம்; சேப்பாக்கம் ஹுமாயூன் மஹாலைப் பொதுப்பணித் துறையே சுண்ணாம்புச் சாந்தில்தான் புதுப்பித்தது.

குறையும் உண்டு. வெள்ளையடித்த சுவரில் பிள்ளைகள் சாய்ந்தால் சட்டையெல்லாம் வெள்ளை. அதற்காக இடுப்புயரத்துக்கு மரப்பலகை அடித்தோம். சுவரில் ஒட்டாமல், பின்னால் காற்றுப் போக இடைவெளி விட்டு. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், அதனால் மழைக்காலத்தில் வேலை நின்றே போனது. இப்போதைக்கு ஓதம் மேலே ஏறவில்லை, வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பு, ஓடு மாற்றுவது, ஜூனுக்கு முன் கால்வாய் சுத்தம் செய்வது என்பதோடு செலவு நிற்கிறது. பத்து வருடம் கழித்தும் இப்படியே நிற்குமா என்று கேட்டால், இன்னும் அத்தனை மழையை அந்தப் பூச்சு பார்க்கவில்லை. கூரை மரம் விஷயத்திலும் அவசரப்பட்டு உத்தரவாதம் தர மாட்டேன்.

எல்லா வேலைக்கும் இவர்கள்தான் வேண்டும் என்றும் இல்லை. கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயரும் பிற்காலக் கட்டடம், கழிப்பறை, மதில் என்றால் நல்ல உள்ளூர் இன்ஜினியரே போதும். எங்கள் விடுதி வேலையை அப்படித்தான் கொடுத்திருக்கிறோம். ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972 சட்டப்படி பதிவு வேண்டும், ஆனால் பழைய கட்டட வேலைக்கென்று தனி உரிமம் ஏதும் கிடையாது. அதனால் போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாமல், அவர்கள் முடித்த கட்டடம் ஒன்றை மழைக்காலத்தில் நேரில் போய், சுவரின் அடிப்பகுதியில் கை வைத்துப் பாருங்கள்.